விடச் சொல்லு

என் வீட்டுக்காரருக்கும் என் தம்பிக்கும் பேச்சு நின்று ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. இரண்டு பேரும் வேலை பார்த்தது ஒரே பாய்மரப் படகில். படுத்தது ஒரே கூரைக்குக் கீழே. சாப்பிட்டது ஒரே மேஜையில், நான் சமைத்ததை. உப்பு வேண்டுமென்றால்கூட என் வழியாகத்தான் போகவேண்டும், என் வழியாகத்தான் வரவேண்டும்.

"உன் தம்பியை உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு" என்பார் அவர். உப்பு ஜாடி தம்பியின் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருக்கும். இவர் சொன்னது அவனுக்கு நன்றாகவே கேட்டிருக்கும். ஆனாலும் அசைய மாட்டான், கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருப்பான். வாயிலிருப்பதை விழுங்கிவிட்டு நான் "டேய், உப்பைத் தள்ளுடா" என்று சொன்னால்தான் அவன் கை நகரும். தள்ளிவிட்டு, "போதுமான்னு கேளுக்கா" என்பான். இவர் என்னைப் பார்த்து, "போதும்னு சொல்லு" என்பார். எனக்குச் சோறு ஆறிப்போயிருக்கும்.

"நீங்களே சொல்லிக்கக் கூடாதா?" என்று நான் கத்தாத நாள் கிடையாது. கத்திவிட்டு, கையோடு நானே சொல்லியும்விடுவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வாயைத் திறப்பதில்லை என்று பிடிவாதமாக உட்கார்ந்துபார்த்தேன். தம்பி குளித்துக்கொண்டிருக்கும்போது தண்ணீர் நின்றுபோனது. உள்ளேயிருந்து, "அக்கா, மோட்டாரைப் போடச் சொல்லு! அக்கா!" என்று கதறுகிறான். மோட்டார் சுவிட்ச் என் வீட்டுக்காரரின் தலைக்கு மேலேயே இருக்கிறது. மனிதர் செய்தித்தாளைத் திருப்பித் திருப்பிப் படிக்கிறார். உடம்பெல்லாம் சோப்பு நுரையோடு அவன் கதவைத் தட்ட ஆரம்பித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "மோட்டாரைப் போடுங்க" என்றேன். உடனே போட்டார். நான் சொல்லட்டும் என்றுதான் அதுவரை காத்திருந்திருக்கிறார்.

இப்படிப்பட்ட இரண்டு பேரும் ஒரு காலத்தில் நகமும் சதையுமாக இருந்தவர்கள். எங்கள் அப்பா அம்மா போனபிறகு, என் கல்யாணத்தோடு சேர்ந்து தம்பியும் இந்த வீட்டுக்கு வந்தான். அப்போது அவனுக்கு மீசைகூட முளைக்கவில்லை. அவனுக்கு நீந்தக் கற்றுக்கொடுத்தவர் இவர்தான். இவர் "மாப்ள" என்பார், அவன் "மாமா" என்பான். இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு என்னைக் கிண்டல் செய்வார்கள். என் ரசத்தில் படகே மிதக்கும் என்பார்கள். அந்தக் கிண்டலுக்காக அப்போது நான் கோபித்துக்கொண்டதை நினைத்தால் இப்போது வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

பேச்சு நின்றுபோனதற்குக் காரணம் ஒரு உருளை.

எங்கள் படகுக்கு இரண்டு பாய்கள். பாய்மரத்துக்குப் பின்னால் பெரிய பாய். படகின் மூக்கிலிருந்து பாய்மரத்தின் உச்சிக்குப் போகும் கம்பியில் முன்பாய். காற்று ஏறினால் முன்பாயைச் சின்னதாக்க வேண்டும். பழைய ஏற்பாட்டில் அதற்கு ஒரு ஆள் ஆடுகிற தளத்தில் முழங்காலால் நகர்ந்து மூக்கு வரைக்கும் போய், நனைந்து கனக்கிற பாயை இறக்கி, அதைவிடச் சின்னப் பாயை மாட்டி ஏற்ற வேண்டும். என் வீட்டுக்காரர் அதைப் பல வருஷம் செய்தார். அதிலேயே குடலிறக்கம் வந்து ஆபரேஷன் ஆனது. இனிமேல் கனமாக எதையும் தூக்கவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

இவர் வீட்டில் படுத்திருந்த நாட்களில் தம்பி படகுப்பட்டறையே கதி என்று கிடந்தான். எனக்குக்கூடச் சொல்லவில்லை. இவர் எழுந்து நடமாட ஆரம்பித்ததும், "மாமா, ஒரு தடவை வந்து பாருங்க" என்று எங்கள் இருவரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். முன் கம்பியைச் சுற்றி நீளமாக ஒரு குழாய் போட்டிருந்தான். முன்பாயின் ஓரம் அந்தக் குழாயின் பள்ளத்தில் நுழைந்திருந்தது. அடியில் ஒரு உருளை. உருளையில் சுற்றியிருந்த கயிறு தளத்தின் ஓரமாகவே ஓடி, சுக்கான் பிடிப்பவர் உட்காரும் இடத்துக்கு வந்து சேர்ந்தது. அந்தக் கயிற்றை இழுத்தால் உருளை சுற்றும், குழாய் சுற்றும், பாய் ஜன்னல் திரை மாதிரி சுருண்டுகொள்ளும். கால்வாசி சுருட்டலாம், பாதி சுருட்டலாம், முழுசாகவும் சுருட்டலாம். இனி யாரும் படகின் மூக்குக்குப் போகவே வேண்டாம். மெல்லிசுக் கயிறு உள்ளங்கையை அறுக்கும் என்று பார்த்துப் பார்த்துத் தடிமனான கயிறாக வாங்கியிருந்தான்.

இவர் முகம் மலர்ந்துதான் இருந்தது. நான் பார்த்தேன். அதற்குள் என் தம்பியின் வாய் சும்மா இருந்திருக்கக் கூடாதா? பட்டறை ஆட்கள் சுற்றி நிற்கிறார்கள். "இனிமே மாமா உக்காந்த எடத்துலயே வேலை பாக்கலாம், டீ குடிச்சுக்கிட்டே" என்றான். வெல்டர் சிரித்தார். பெயின்டர் சிரித்தார். "அப்போ தலையணையும் ஒண்ணு வாங்கிப் போட்டுருப்பா" என்றார் பட்டறைக்காரர். எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். இவர் உருளையை ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "வீட்டுக்குப் போலாமான்னு கேளு" என்றார். யாரிடம் கேட்பது என்று எனக்கு முதலில் புரியவில்லை. வண்டி ஓட்டிக்கொண்டு வந்தவன் தம்பி.

"நான் ஒண்ணுத்துக்கும் லாயக்கில்லாதவன்னு ஊர் முன்னாடி சொல்லிட்டான்" என்று அன்று சாயங்காலம் என்னிடம் சொன்னார்.

"டீ குடிச்சுக்கிட்டேன்னுதானேங்க சொன்னான்?"

"அதைத்தான் நானும் சொல்றேன்."

தம்பியிடம் போனேன். "ஒரு வார்த்தை மன்னிச்சிடுங்க மாமான்னு சொல்லிடுடா" என்றேன். "நான் என்னக்கா தப்பு பண்ணேன்? அவருக்காகத்தானே அத்தனையும் பண்ணேன்? ஒரு வார்த்தை நல்லாருக்குன்னு சொன்னாரா?" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. ஆனால் கழுத்து வளையவில்லை. சரி, நாலு நாளில் சரியாகிவிடும் என்று இருந்துவிட்டேன். எல்லோரும் அப்படித்தான் நினைப்போம்.

விடுமுறை நாட்களில் வெளியூர்க்காரர்களைக் கடலில் ஒரு சுற்று கூட்டிப்போய் வருவதுதான் எங்கள் பிழைப்பு. பாயைச் சுருட்டக் கயிறு இழுக்க ஒருவர், பாயின் கடைக்கோடியைக் கட்டியிருக்கும் பாய்க்கயிற்றை அளவு பார்த்து விட இன்னொருவர் என்று இரண்டு பேர் வேண்டும். இதை அவர் விட்டால்தான் அதை இவன் இழுக்க முடியும். பேசாமல் செய்ய முடியுமா? ஆகவே என்னை ஏற்றாமல் படகு கிளம்பாது என்றாகிவிட்டது. நங்கூரம், தீயணைப்பான், அப்புறம் நான். "இழுக்கச் சொல்லு." "விடச் சொல்லு." "நிறுத்தச் சொல்லு." வந்தவர்கள் நான்தான் கேப்டன் என்று நினைத்துக்கொண்டு என்னோடு நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள்.

அந்தத் தடிமனான கயிற்றில் ஒரு கோளாறு இருப்பதைக் கொஞ்ச நாளிலேயே தம்பி கண்டுபிடித்துவிட்டான். கயிறு தடிமன் என்பதால் உருளையில் அதிகச் சுற்று பிடிக்கவில்லை. துறைமுகத்துக்குள் காற்றில்லாமல் சுருட்டினால் பாய் தளர்வாகச் சுருளும், இருக்கிற சுற்றே போதும். பலமான காற்றில் பாய் முறுக்கிப் பிழிந்த துணி மாதிரி இறுகிச் சுருளும். அப்போது கூடுதல் சுற்று வேண்டும். கயிறு முடிந்துவிடும், பாய் மிச்சமிருக்கும்.

இதை அவன் யாரிடம் சொன்னான் தெரியுமா? கெட்டிலிடம். படகுக்குள் நான் டீ போட்டுக்கொண்டிருந்தேன். இவர் எதிரே உட்கார்ந்திருந்தார். "கெட்டிலே, நல்லா கேட்டுக்கோ. காத்து ஏறறதுக்கு முன்னாடியே பாதிப் பாயைச் சுருட்டிடணும். கடைசி வரைக்கும் இழுத்தடிச்சா கயிறு பத்தாது" என்றான். இவர் தன் கையிலிருந்த டம்ளரைப் பார்த்து, "டம்ளரே, கடல்ல எதை எப்போ பண்ணணும்னு எனக்குப் பாடம் எடுக்க ஆள் வந்துட்டாங்க பாத்தியா" என்றார். ஜாடை பேசுவதில் இருவருமே கெட்டிக்காரர்கள்.

நான் அதோடு விடவில்லை. வீட்டுக்கு வந்ததும் இவரிடம் முறையாகவே எடுத்துச் சொன்னேன். கயிற்றை மெல்லிசாக மாற்றினால் சரியாகிவிடுமாம், மாற்றட்டுமா என்று கேட்கிறான் என்றேன். "மாத்தணும்னா மாத்தட்டும். வாங்கும்போது என்னைக் கேட்டா வாங்கினான்?" என்றார். அதைத் தம்பியிடம் சொன்னேன். "அவர் வாயால மாத்துடான்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், அடுத்த நிமிஷம் மாத்தறேன்" என்றான். ஒரு கயிறு, இரண்டு ஆம்பிளைகள். எனக்கு உருளையில் கயிறு மாற்றத் தெரிந்திருந்தால் நானே மாற்றித் தொலைத்திருப்பேன். கயிறு அப்படியே இருந்தது.

அன்றைக்குப் படகில் வெளியாட்கள் யாரும் இல்லை. எஞ்சினின் தண்ணீர்ப் பம்பு போய்விட்டதால், படகைப் பாயிலேயே ஓட்டிக்கொண்டுபோய் அடுத்த துறைமுகத்துப் பட்டறையில் ஏற்ற வேண்டும். நாங்கள் மூன்று பேர்தான். எனக்கு உள்ளூர ஆசை. நடுக்கடலில் வேறு யார் கண்ணும் இல்லாமல், வெட்கப்படக் காரணமில்லாமல், ஒரு வார்த்தை பேசிவிட மாட்டார்களா? அதற்காகவே இரண்டு பேருக்கும் பிடித்ததாகப் பார்த்துச் சமைத்து எடுத்துக்கொண்டேன்.

காலையில் கடல் சாந்தமாக இருந்தது. காற்று பின்னாலிருந்து வந்தது. பெரிய பாயை இறக்கிக் கட்டிவிட்டு முன்பாயை மட்டும் முழுசாக விரித்துப் போய்க்கொண்டிருந்தோம். சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கும்போது என் தலைத்துண்டு காற்றில் பறந்துபோய் நேராகச் சுக்கானில் மாட்டிக்கொண்டது. நான் அதைப் பிடிக்கப் பாய்ந்து, வழுக்கி, தொப்பென்று உட்கார்ந்தேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே சிரித்தார்கள். அப்புறம் ஞாபகம் வந்து, சிரிப்பைப் பாதியில் நிறுத்திக்கொண்டு, ஆளுக்கொரு பக்கம் திரும்பினார்கள். எனக்கு இடுப்பு வலித்தது. ஆனாலும் சந்தோஷமாக இருந்தது. இன்னும் ஒரு தடவை விழுந்தால் பேசிவிடுவார்கள் என்றுகூட நினைத்தேன்.

துறைமுகத்தின் கல்தடுப்பு கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தபோது காற்று ஏறியது. பின்னால் தண்ணீர் கறுத்துக்கொண்டு வந்ததைத் தம்பிதான் முதலில் பார்த்தான்.

"அக்கா, இப்பவே பாதி சுருட்டிடலாம்னு சொல்லு."

"ஏங்க, இப்பவே சுருட்டிடலாமாம்."

"எனக்கும் கண்ணு இருக்குன்னு சொல்லு" என்றார் இவர். சுக்கானை விட்டு நகரவில்லை. இன்னும் கொஞ்ச தூரம் இதே வேகத்தில் போனால் சீக்கிரம் உள்ளே போய்விடலாம் என்று நினைத்தாரா, அவன் சொல்லி நான் செய்வதா என்று நினைத்தாரா, அது அவருக்குத்தான் தெரியும். தம்பி உதட்டைக் கடித்துக்கொண்டு கயிற்றுப் பக்கத்திலேயே குந்தியிருந்தான்.

முதல் பலமான வீச்சு வந்து படகு ஒரு பக்கம் புரண்டு நிமிர்ந்தபிறகுதான், "சரி, இழுக்கச் சொல்லு" என்றார்.

தம்பி இழுத்தான். இவர் பாய்க்கயிற்றை, அது சுற்றியிருந்த வின்ச் கட்டையிலிருந்து சாண் சாணாக விட்டார். பாய் படபடவென்று அடித்துக்கொண்டு சுருண்டது. இறுகி, இறுகி, கம்பு மாதிரி சுருண்டது. நான் அந்தச் சுருளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாதி ஆனது, முக்கால் ஆனது, அதற்குமேல் கயிறு வரவில்லை. தம்பி இரண்டு காலையும் உதைத்துக்கொண்டு இழுத்தான். உருளையில் சுற்றே மிச்சமில்லை. ஒரு கட்டில் விரிப்பு அளவுக்குப் பாய் இன்னும் வெளியே நின்றது.

 எது நடக்கும் என்று கெட்டிலிடம் சொல்லியிருந்தானோ அதுவே நடந்திருந்தது. அதை அப்போதுகூட அவன் சொல்லிக்காட்டவில்லை. என் தம்பி அப்படிப்பட்டவன்தான்.

அந்த மிச்சப் பாய் அந்தக் காற்றுக்கே மிக அதிகம். எஞ்சின் கிடையாது. கல்தடுப்பின் வாய் குறுகல். இந்த வேகத்தில் உள்ளே திரும்பினால் படகு கல்லில்தான் போய் ஏறும். "நான் முன்னாடி போய் உருளையைக் கையாலயே திருப்பறேன்னு சொல்லு. நான் விடச் சொன்னா பாய்க்கயித்தை விடணும், பிடிக்கச் சொன்னா பிடிக்கணும்" என்றான் தம்பி.

நான் சொன்னேன். இவர் அவனை ஏறிட்டுப் பார்த்தார். தான் போட்டிருந்த ஆரஞ்சு மிதவைச் சட்டையைக் கழற்றி என் மேல் எறிந்தார். "அவனைப் போட்டுக்கச் சொல்லு." படகில் அதுதான் நல்ல சட்டை, மற்றதெல்லாம் கிழிசல். தம்பி வாங்கிப் போட்டுக்கொண்டான். அவனுக்கு அது தொளதொளவென்று இருந்தது. முழங்காலால் நகர்ந்து மூக்குக்குப் போனான். யாருமே போகவேண்டியதில்லை என்று அவனே ஏற்பாடு செய்த இடத்துக்குப் போனான்.

உருளையை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துத் திருப்ப ஆரம்பித்தான்.

"விடச் சொல்லு!"

"விடச் சொல்றான்."

இவர் ஒரு சாண் விட்டார். உருளை ஒரு சுற்று சுற்றியது.

"பிடிக்கச் சொல்லு!"

"பிடிக்கச் சொல்றான்."

காற்று எங்களுக்குப் பின்னாலிருந்து அடித்ததால், அவன் குரல் எதிர்க்காற்றில் ஏறி வர வேண்டியிருந்தது. ஆனால் கேட்டது. எனக்கும் இவருக்கும் நடுவில் ஒரு கை தூரம்தான். எனக்குக் கேட்டது இவருக்கும் கேட்டிருக்கும். அப்போது அதையெல்லாம் நான் யோசிக்கவில்லை. விடச் சொல்லு, விடச் சொல்றான். பிடிக்கச் சொல்லு, பிடிக்கச் சொல்றான். தாளம் தப்பாமல் போய்க்கொண்டிருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பாய் கட்டில் விரிப்பிலிருந்து மேஜை விரிப்பாகி, மேஜை விரிப்பிலிருந்து துண்டாகிவிட்டது. இன்னும் இரண்டே சுற்று.

அப்போது ஒரு வீச்சு வந்தது. படகின் பின்பக்கம் தூக்கி, மூக்கு தண்ணீரில் குத்தியது. அலை தளத்தின் மேலேறி வந்து என் முகத்தில் அறைந்தது. மூக்கிலும் தொண்டையிலும் உப்புத் தண்ணீர் ஏறி எனக்கு மூச்சு நின்றுவிட்டது. கண்ணைத் திறந்தபோது மிச்சமிருந்த துண்டுப் பாய் காற்று நிறைந்து உப்பியிருந்தது, உருளை தம்பியின் பிடிக்குள்ளேயே பின்பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. பாய்க்கயிற்றை மொத்தமாக விட்டுவிட்டால் போதும், பாய் கொடி மாதிரி முன்னால் பறந்துவிடும், அதற்கு பலமே இருக்காது.

தம்பி கத்தினான்.

"மாமா! விடுங்க! மாமா, விட்டுடுங்க!"

அவன் அக்கா என்று கூப்பிடவில்லை. ஒரு வருஷத்துக்கு அப்புறம் நேராக அவரைத்தான் கூப்பிட்டான்.

நான் இருமிக்கொண்டிருந்தேன். வாயிலிருந்து தண்ணீர்தான் வந்தது. இவர் கயிற்றைப் பிடித்தபடி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "விடச் சொல்..." என்று ஆரம்பித்தேன். மறுபடி இருமல் வந்தது. "விடச் சொல்றான்!"

விட்டார். கயிறு வின்ச்சிலிருந்து சீறிக்கொண்டு ஓடியது. ஆனால் அதற்குள் சுருள் முழுவதும் அவிழ்ந்து, உருளை அவனை உதறி, பாயின் அடி ஓரம் அவனை வாரி அடித்திருந்தது. நான் பார்க்கும்போது மூக்கில் யாரும் இல்லை.

அதற்குப் பின் நடந்ததைக் கோர்வையாக என்னால் சொல்ல முடியாது. திரும்பிப் போக எஞ்சின் இல்லை. முன்பாய் அவிழ்ந்து முன்னால் அடித்துக்கொண்டிருக்கிறது. காற்று எங்களைத் துறைமுக வாய்க்குள்ளேயே தள்ளுகிறது. பின்னால் தண்ணீரில் ஒரு ஆரஞ்சு நிறம் ஏறி இறங்கிக்கொண்டே தூரமானது. "கையைக் காட்டுடா, கையைக் காட்டு" என்று நான் கத்திக்கொண்டே இருந்தேன். அவன் கையைக் காட்டவில்லை. படகு கல்தடுப்பில் உரசி, உடைந்து, சேற்றில் நின்றது. கரையிலிருந்து மீட்புப் படகு கிளம்பிப் போனதைப் பார்த்தேன். பொழுது சாய்வதற்குள் அவனைக் கொண்டுவந்துவிட்டார்கள். சட்டை மிதந்ததால் தேடவேண்டிய வேலை இல்லையாம். தலையில் பலமாக அடிபட்டிருந்ததாம். முகம் குப்புறக் கிடந்தானாம்.

துறைமுக அலுவலகத்தில் எங்களைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். கண்ணாடி போட்ட மேஜை, கண்ணாடிக்கு அடியில் யாரோ ஒரு குழந்தையின் போட்டோ. மின்விசிறி டக் டக்கென்று சத்தம் போட்டுக்கொண்டு சுற்றியது. எங்கள் துணியிலிருந்து சொட்டிய தண்ணீரை ஒரு ஆள் துடைத்துக்கொண்டே இருந்தார். அதிகாரி நல்ல மனிதர், தணிந்த குரலில்தான் கேட்டார்.

"கடைசியா அவர் ஏதாவது சொன்னாரா?"

"விடுங்க மாமான்னு சொன்னான்" என்றார் என் வீட்டுக்காரர்.

"காத்துல உங்களுக்கு அப்போ சரியா கேட்டிருக்காது."

இவர் குனிந்துகொண்டார். தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கயிறு ஓடிய இடத்தில் தோல் உரிந்திருந்தது.

"கேட்டுச்சு" என்றார்.

"அப்புறம்?"

"இவ சொல்லட்டும்னு இருந்தேன்."

அதிகாரிக்குப் புரியவில்லை. இவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அதிர்ச்சியில் மனிதர் ஏதோ உளறுகிறார் என்று நினைத்திருக்க வேண்டும். தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். எனக்குப் புரிந்தது. மேஜையில் தண்ணீர் வந்தபோது அந்தக் கண்ணாடி டம்ளரை எடுத்து இவர் நெற்றியில் அடித்து உடைக்க வேண்டும் போல இருந்தது. கையைத் தூக்கியும்விட்டேன். அப்போது உப்பு ஜாடி ஞாபகம் வந்தது. குளியலறைக் கதவும் ஞாபகம் வந்தது. இந்த மனிதர் வேண்டுமென்று செய்யவில்லை. அவர் கை என் குரலுக்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான். அது தெரிந்தும் என் கோபம் அடங்கவில்லை. இன்றைக்கும் அடங்கவில்லை.

ஆஸ்பத்திரியின் பின்பக்கம், நீளமான வராந்தாவின் கடைசி அறையில் அவனைக் கிடத்தியிருந்தார்கள். உள்ளே பினாயில் வாசனை. இரும்பு மேஜை மேல் வெள்ளைத் துணி, துணிக்கு வெளியே அவன் பாதங்கள். இடது காலில் செருப்பு வார் பதிந்த அடையாளம் இன்னும் மாறவில்லை. அங்கிருந்த ஊழியர் துணியை மார்பு வரைக்கும் விலக்கிவிட்டு வெளியே போனார். புருவத்தில் உப்பு காய்ந்திருந்தது. என் முந்தானையால் துடைத்துவிட்டேன். மீசையிலும் துடைத்தேன். தலைமுடியைக் கோதி ஒழுங்காக வைத்தேன். குளித்துவிட்டு வந்தால் அவன் சீவாமலே திரிவான், அதற்காக எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வந்தார். மேஜையை ஒட்டி வரவில்லை, கொஞ்சம் தள்ளியே நின்றார். அவன் முகத்தைப் பார்க்காமல், என்னைப் பார்த்துச் சொன்னார்.

"இனிமே பேசறேன்னு சொல்லு அவன்கிட்ட."

நான் அவன் தலைமுடியைக் கோதிக்கொண்டேயிருந்தேன்.

"சொல்லு. கயிறையும் மாத்திடலாம்னு சொல்லு."

"நீங்களே சொல்லுங்க" என்றேன்.

அதை நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். சொன்ன கையோடு நானே போய்ச் சொல்லியும் இருக்கிறேன். இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டு நின்றேன். இவர் எனக்காகக் காத்திருந்தார். நான் சொல்லப்போவதில்லை என்று தெரிந்ததும் மெதுவாக மேஜையிடம் போனார். குனிந்தார். உரிந்துபோன கையை அவன் தோள் மேல் வைத்தார்.

"மாப்ள" என்றார்.

குனிந்தபடியே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தலையைத் தூக்கி, அவன் என்ன சொன்னான் என்று கேட்பதுபோல என் முகத்தைப் பார்த்தார்.